ஒளிமுகில்களை வனையும் பெருவிண்மீன்கள்

வானநூல் வரலாற்றிலே நெடுங்காலம் விடை காணப்படாது கிடந்த வினாக்களுள் ஒன்று, விண்மீன்களின் இடையே ஆங்காங்குத் தோன்றும் மங்கிய ஒளித்திட்டுக்கள் யாவை என்பதாகும். மேனாட்டார் அவற்றை நெபுலா என வழங்கினர். முகில் என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருளாதலின், அவற்றை ஒளிமுகில் என்றே நாம் ஈண்டுக் குறிப்போம். இம்முகில்கள் எதனால் ஆயவை? அவற்றுக்கு ஒளி எங்கிருந்து வந்தது? தூண்போலவும் மலைமுகடுபோலவும் குமிழிபோலவும் அவை கொண்டிருக்கும் வடிவங்களை ஆக்கியது எது? முதல் வினாவுக்கு விடை, பெரும்பாலும் ஐதரசன் வாயுவால் என்பது. மற்றை இரண்டுக்கும் விடை, அவற்றினுள்ளே பிறந்த பெருந்திணிவுடைய விண்மீன்களால் என்பது.

இரண்டு வரியில் அடங்கும் இவ்விடையைக் கண்டறிய மனித குலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது. அம்முயற்சி மேனாட்டார் மட்டும் செய்த முயற்சி என்றே நம் மாணவர் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. அதன் இன்றியமையாத கட்டங்கள் சில சென்னையிலும் வங்கத்திலும் நிகழ்ந்தவை. நம் யாழ்ப்பாணமும் அக்காலத்து அறிவியல் இயக்கத்துக்குப் புறம்பாய் இருக்கவில்லை. அவ்வரலாற்றை ஒருவாறு தொகுத்துரைத்து, பெருவிண்மீன்கள் ஒளிமுகில்களை வனையும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்வானம் தந்த வாய்ப்பு

நம் நாட்டிலிருந்து வெறுங்கண்ணாற் காணத்தக்க ஒளிமுகில்களுள் இரண்டு சிறப்புடையன. முதலாவது, ஓரியன் கூட்டத்திலுள்ளது. தை மாதத்து முன்னிரவில் மிருகசீரிடமும் திருவாதிரையும் உயர்ந்து நிற்கும்போது, அவற்றுக்குத் தெற்கே ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் தோன்றும். அவ்வரிசைக்குச் சற்றுத் தெற்கே மங்கலாய்த் தெரியும் திட்டே ஓரியன் ஒளிமுகில். அஃது ஏறக்குறைய 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. 1610-இல் பிரான்சியராகிய பெயிரெஸ்க் என்பார் தொலைக்காட்டியால் அதனைக் கண்டார். 1656-இல் ஒல்லாந்த அறிஞர் ஹைகன்ஸ் அதனை வரைந்தார்.

இரண்டாவது, தென்வானிலே கரீனா என்னும் கூட்டத்திலுள்ளது. கரீனா என்பதற்குக் கப்பலின் ஏரா என்பது பொருள். கடலோடு வாழும் தீவகத்தார்க்கு அப்பெயர் அயலானதன்று. குறிகட்டுவான் ஏறக்குறைய 9.6 பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. ஆதலின், சித்திரை மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் இவ்விறங்குதுறையில் நின்று தெற்கே நோக்குவார்க்குக் கரீனா ஒளிமுகில் அடிவானுக்கு மேலே ஏறக்குறைய 20 பாகை உயரத்தில் நிற்கும். அதற்கு இடப்புறத்தே தென்சிலுவையும், வலப்புறத்தே அடிவானை அணுகிய நிலையில் அகத்திய மீனும் காணப்படும். நிலவும் மின்விளக்கும் இல்லாத இரவில் பால்வழியின் நடுவே சற்றுச் செறிந்த ஒளித்திட்டாக அது வெறுங்கண்ணுக்கே புலப்படும்.

இவ்வொளிமுகிலை இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ ஒருபோதும் காண இயலாது. வட அகலக்கோடு 30 பாகைக்கு வடக்கே வாழ்வார் எவர்க்கும் அஃது உதிப்பதில்லை. ஆகவே, ஐரோப்பாவின் பேரரங்குகள் எத்துணைப் பெரிய கருவிகளைக் கொண்டிருந்தபோதிலும், இம்முகிலைப் பற்றிய அறிவுக்கு நம்மைப்போலத் தெற்கே வாழ்வாரையே நம்பியிருக்க நேர்ந்தது.

1677-இல் செயின்ற் எலேனாத் தீவுக்குச் சென்ற எட்மண்ட் ஹாலி என்பார், இம்முகிலின் நடுவணுள்ள விண்மீனை நான்காந் தரத்து ஒளியுடையதாகப் பதிவு செய்தார். அக்காலத்தார் அதனை ஈற்றா ஆர்கசு என்றனர். இக்காலத்தார் ஈற்றா கரீனே என்பர். 1752-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து நோக்கிய பிரான்சியக் குருவாகிய லக்காய் அதனை இரண்டாந் தரமாகக் கண்டார். அதனைச் சூழ்ந்த ஒளிமுகிலையும் முதன்முதல் பதிவு செய்தார். 1834 முதல் 1838 வரை நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்த சேர் யோன் ஹேர்ஷல், அம்முகிலின் பரப்பில் 1,200-க்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து படம் வரைந்தார். அவர் அப்பணியில் ஈடுபட்டிருந்தபோதே, 1837 டிசம்பரில், நடு விண்மீன் திடீரெனப் பேரொளி கொண்டது. 1843-இல் வானத்து விண்மீன்களுள் சீரியசு ஒன்றை நீக்கி ஏனைய யாவற்றிலும் அது விஞ்சி விளங்கியது. நம் முன்னோர் அகத்தியராகப் போற்றிய விண்மீனும் அதன் முன் மங்கியது. சீரியசு 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஈற்றா கரீனேயோ ஏறக்குறைய 7,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இவ்வேறுபாட்டை எண்ணிப்பார்ப்பின் அவ்வெடிப்பின் ஆற்றல் எத்தகையதென்பது விளங்கும்.

சென்னையில் ஓர் ஆசிரியர்

கிழக்கிந்தியக் கும்பினியார் 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினர். 1899-இல் அதன் பணி கோடைக்கானல் மலைக்கு மாற்றப்படும்வரை தென்வான ஆராய்ச்சியில் அது பெருந்தொண்டாற்றியது. அங்கே பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867-இல் ஆர் ரெற்றிக்குலி என்னும் ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874-இல் நிகழ்ந்த வெள்ளிக் கடப்பைப் பொதுமக்கள் அறியும்பொருட்டு, நாட்டு மொழிகள் பலவற்றில் விளக்கநூல் வெளியிட்டவரும் அவரே.

ஆயினும் ஈற்றா கரீனேயின் வரலாற்றில் சென்னையின் பெயரை நிலைநாட்டியவர்களுள் ஒருவர் வானாய்வு நிலையத்து உத்தியோகத்தர் அல்லர். ஒரு கல்லூரி ஆசிரியர். அவர் பெயர் அயர் பேட்டன் பவல். 1840-இல் சென்னைக்கு வந்து கல்விப் பணியை மேற்கொண்ட அவர், பின்னர் பிரசிடென்சிக் கல்லூரி எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் முதல் தலைவராயினார். பகலிற் கணிதம் புகட்டிய அவர் இரவிலே தொலைக்காட்டியுடன் தென்வானத்தை நோக்கினார். இரட்டை விண்மீன்களை அளந்தார். ஈற்றா ஆர்கசு ஒளி குன்றிவருவதைக் கண்காணித்தார். அதனைச் சூழ்ந்த முகிலைப் பற்றியும் இலண்டன் அரச வானியற் கழகத்தின் திங்களிதழிற் குறிப்பு வரைந்தார்.

அக்குறிப்புக்கள் அப்பொழுது இன்றியமையாதன. ஏனெனில், 1860-களில் தாஸ்மேனியாவிலிருந்த கடிகாரத் தொழிலாளராகிய பிரான்சிஸ் அபொற் என்பார், யோன் ஹேர்ஷல் வரைந்த படத்துக்கும் தாம் காணும் முகிலுக்கும் பெரும் வேறுபாடு உளதெனக் கூறினார். முப்பது ஆண்டினுள் இத்துணைப் பெரிய முகில் உருமாறுதல் கூடுமா? கூடுமாயின் ஒளிமுகில்களைப் பற்றிய கருத்து முழுவதையும் மாற்ற வேண்டிவரும். கருவிக்குக் கருவி, கண்ணுக்குக் கண் காட்சி வேறுபடுமாதலின், ஒருவர் வரைந்த படத்தை மற்றொருவர் படத்தோடு ஒப்பிட்டு முடிவு காண்டல் அரிதாயிற்று. ஒளிப்படக்கலை வானநூலிற் புகுந்த பின்னரே இவ்வழக்கு ஓய்ந்தது. விண்மீன் மாறியது மெய். முகிலின் பேருருவம் மாறியதென்ற கூற்று நிலைபெறவில்லை.

யாழ்ப்பாணம் அக்காலத்தில் யாது செய்தது என்பதும் எண்ணத்தக்கது. 1823-இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய செமினரியில் வானநூலும் உயர்கணிதமும் கற்பிக்கப்பட்டன. அங்கு ஆசிரியராயிருந்த ஹொய்சிங்ரன் என்பார், தமிழர் கையாண்ட சோதிட கணித முறையை ஆராய்ந்து, அதனை மொழிபெயர்த்து 1848-இல் யாழ்ப்பாணத்திலேயே நூலாக வெளியிட்டார். அச்செமினரியிற் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855-இல் தமிழிலே பீஜகணித நூலொன்றை இயற்றினார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே 1857-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். அறிவியலைத் தமிழாற் கற்கலாம், தமிழால் எழுதலாம் என்னும் துணிவு அத்தலைமுறைக்கு இருந்தது. 1855-இல் செமினரி மூடப்பட்டதோடு அம்மரபு தளர்ந்தது.

நிறமாலை உரைத்த செய்தி

இனி, ஒளிமுகில்கள் எதனால் ஆயவை என்னும் வினாவுக்கு வருவாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹேர்ஷல், சில முகில்களாயினும் மெய்யான ஒளிர்பாய்பொருளே என 1791-இல் எழுதினார். 1845-இல் அயர்லாந்தில் உரோஸ் பிரபு 72 அங்குல விட்டமுடைய பெருந்தொலைக்காட்டியை அமைத்தபின், முகில்கள் யாவும் தொலைவிலுள்ள விண்மீன் திரள்களே என்னும் கருத்து மீண்டும் ஓங்கியது. எவ்வளவு பெரிய கண்ணாடி கொண்டு நோக்கினும் இவ்வழக்குத் தீர்வதாயில்லை.

அதனைத் தீர்த்தது ஒரு சிறு பட்டகம். 1864 ஓகத்து 29-ஆந் தேதி இரவு, இலண்டனுக்கு அணித்தான தம் இல்லத்திலிருந்து வில்லியம் ஹகின்ஸ் ஒரு முகிலின் ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தி நோக்கினார். விண்மீனொளியாயின் வானவில்போலத் தொடர்ந்த நிறமாலை தோன்றியிருக்கும். அவர் கண்டதோ தனித்தனியாய் நின்ற சில ஒளிக்கோடுகளை மட்டுமே. வெப்பமுற்ற ஐதான வாயுவே அத்தகைய கோடுகளைத் தருவது. ஆகவே அம்முகில் வாயு என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று. தெற்கே, யோன் ஹேர்ஷலின் மகனும் அதே பெயரினருமான படைத்துறைப் பொறியாளர், 1868-இல் பங்களூரிலிருந்து தென்வானத்து முகில்கள் பலவற்றை நிறமாலைகாட்டியால் ஆராய்ந்தார்.

ஹகின்ஸ் கண்ட கோடுகளுள் ஒன்று ஐதரசனுக்குரியது. பிரகாசமான பச்சைக் கோடுகள் இரண்டோ புவியிலுள்ள எப்பொருளுக்கும் பொருந்தவில்லை. எனவே அவை நெபுலியம் என்னும் புதுத் தனிமத்துக்குரியவை எனப் பலர் கருதினர். அக்கருத்து அக்காலத்தில் நகைப்புக்குரியதன்று. 1868 ஓகத்து 18-இல் சென்னை மாகாணத்துக் குண்டூர் வழியாகச் சென்ற முழுச் சூரிய கிரகணத்தை ஒட்டிச் சூரியனிற் காணப்பட்ட மஞ்சட் கோடு, ஈலியம் என்னும் புதுத் தனிமத்தை அறிவித்தது. 1895-இல் அது புவியிலும் கண்டெடுக்கப்பட்டது. ஈலியம் மெய்யாயின் நெபுலியமும் மெய்யாகலாமன்றோ?

அமெரிக்க அறிஞர் போவன் 1927-இல் இப்புதிரை விடுவித்தார். பச்சைக் கோடுகள் இரண்டும் இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன் அணுவுக்குரியவை. நம் ஆய்வுகூடங்களில் அவை தோன்றாமைக்குக் காரணம் அணுக்களின் நெருக்கமே. கிளர்ச்சியுற்ற அவ்வணு பல விநாடிகள் தனித்திருந்தாலன்றி அவ்வொளியை வெளிவிடாது. புவியிலுள்ள வாயுவிலோ ஒரு விநாடியிற் கோடிக்கணக்கான மோதல்கள் நிகழ்ந்து அக்கிளர்ச்சியைப் பறித்துவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சதமமீற்றரில் ஏறக்குறைய 2.7 இலட்சம் கோடி கோடிக்குச் சற்றுக் குறைவான பெரு எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன. ஒளிமுகிலிலோ அதே இடத்தில் சில நூறு அல்லது சில ஆயிரம் அணுக்களே உள்ளன. ஆய்வுகூடத்தில் ஆக்கத்தக்க வெற்றிடத்திலும் வெறுமையானது ஒளிமுகில்.

ஒளியின் காரணம்

ஐதான இவ்வாயுவை ஒளிரச் செய்வது யாது? இதற்கு விடை காண, விண்மீன்களின் வெப்பநிலையை அறிதல் வேண்டியிருந்தது. அதற்குத் திறவுகோல் தந்தவர் மேகநாத சாகா. டாக்காவுக்கு அணித்தான ஒரு சிற்றூரில், எளிய வணிகர் குடும்பத்தில் 1893-இற் பிறந்த அவர், 1920-இல் வெளியிட்ட அயனாக்கச் சமன்பாட்டினால், இத்துணை வெப்பநிலையிலும் இத்துணை அமுக்கத்திலும் ஒரு வாயுவின் அணுக்களில் எத்துணைப் பங்கு இலத்திரனை இழந்து நிற்கும் என்பதைக் கணித்துக் காட்டினார். அதன்பின் ஒரு விண்மீனின் நிறமாலையைக் கண்டு அதன் வெப்பநிலையைச் சொல்ல இயன்றது. நம் சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை சதமவளவு. 'ஓ' வகையைச் சார்ந்த பெருவிண்மீன்களோ 30,000 பாகைக்கும் மேற்பட்டவை.

1922-இல் எட்வின் ஹபிள், ஒளிமுகில்களை அவற்றுக்கு அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். மிக வெப்பமான விண்மீன்களை அடுத்துள்ள முகில்களே ஒளிக்கோடுகளைத் தருவன. குளிர்ந்த விண்மீன்களை அடுத்தவை அவ்விண்மீனொளியைத் தெறித்துக் காட்டுவன மட்டுமே என அவர் கண்டார். ஏன் இவ்வேறுபாடு?

ஐதரசன் அணுவிலிருந்து இலத்திரனைப் பிரித்தெடுக்க ஓர் அளவான சத்தி வேண்டும். 91.2 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுடைய கழியூதாக் கதிருக்கே அச்சத்தி உண்டு. சூரியனைப் போன்ற விண்மீன் அக்கதிரை மிகச் சிறிதளவே வெளிவிடும். பெருவிண்மீனோ தன் ஒளியின் பெரும்பங்கைக் கழியூதாவாகவே பொழிகின்றது. அக்கதிர் பட்ட ஐதரசன் அணு இலத்திரனை இழக்கின்றது. சிறிது காலத்தின் பின் அவ்வணு அலைந்து திரியும் இலத்திரன் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றது. பற்றப்பட்ட இலத்திரன் படிப்படியாகக் கீழிறங்குங்கால் ஒவ்வொரு படியிலும் ஓர் ஒளித்துணுக்கு வெளிப்படும். 656.3 நனோமீற்றர் அலைநீளமுடைய சிவப்பொளி அப்படிகளுள் ஒன்றிலே பிறப்பதாகும். ஒளிப்படங்களில் முகில்கள் செந்நிறமாய்த் தோன்றுவது இதனாலேயாம்.

பெருந்தாள் ஒன்றைக் கடையிற் கொடுத்துச் சில்லறையாக மாற்றுதல் போன்றது இச்செயல். கண்ணுக்குப் புலனாகாத கழியூதாக் கதிராகிய பெருந்தாளை, முகில் கண்ணுக்குப் புலனாகும் சில்லறையாக மாற்றித் தருகின்றது. சில்லறையை எண்ணினால் தாள்கள் எத்தனை என்பதை அறியலாம். ஒல்லாந்த அறிஞர் சன்ஸ்ரா 1927-இல் இம்முறையைக் கையாண்டு, முகிலொளியை அளந்து, நடு விண்மீனின் காணா ஒளியையும் வெப்பநிலையையும் கணித்தார்.

வடிவத்தின் காரணம்

தென்மார்க்கு நாட்டறிஞர் ஸ்றோம்கிறன் 1939-இல் வடிவத்தின் வினாவுக்கு வழிகோலினார். ஒரு விண்மீன் பொழியும் கழியூதாக் கதிர்கள் எல்லையற்றவை அல்ல. அவை யாவும் அணுக்களை உடைப்பதிலேயே செலவாகித் தீரும் எல்லை ஒன்று உண்டு. அவ்வெல்லைக்கு உள்ளே வாயு முழுவதும் அயனாகி ஒளிரும். வெளியே இருண்டு கிடக்கும். விண்மீன் வலிதாயின் எல்லை அகலும். வாயு செறிவாயின் எல்லை சுருங்கும். ஒளிமுகில்கள் பலவற்றுக்குத் தெளிந்த விளிம்பு அமைவதன் காரணம் இதுவே.

அவ்விளிம்பு நிலைத்து நிற்பதன்று. உள்ளே வாயுவின் வெப்பநிலை ஏறக்குறைய 10,000 பாகை. வெளியிலுள்ள வாயு கடுங்குளிருடையது. எனவே உள்ளமுக்கம் வெளியமுக்கத்தினும் நூறு மடங்குக்கு மேலாகும். அவ்வமுக்கத்தால் ஒளிரும் வாயு விரிந்து, குளிர்ந்த வாயுவைத் தள்ளி, விளிம்பிலே கூட்டிச் சேர்க்கின்றது. இதனோடு பெருவிண்மீனின் மேற்பரப்பிலிருந்து விநாடிக்கு 2,000 கிலோமீற்றர் அளவான வேகத்தில் ஓயாது வீசும் துகட்காற்றும் சேர்ந்துகொள்கின்றது. அக்காற்று மோதுமிடத்தில் வாயு இலட்சக்கணக்கான பாகை வெப்பமுற்று, முகிலின் நடுவே குடைந்தாற்போன்ற வெற்றிடத்தை உண்டாக்கும்.

ஆயின் தூண்கள் எங்ஙனம் எழுந்தன? சோளகக் காற்று வீசும் காலத்தில் நம் மணற்கரையை நோக்குக. ஒரு கல்லோ சங்கோ கிடக்குமாயின், காற்று மற்றை மணலை வாரிச் செல்ல, அதன் மறைவிலுள்ள மணல் மட்டும் நீண்ட வாலாக எஞ்சி நிற்கும். ஒளிமுகிலிலும் நிகழ்வது ஏறத்தாழ இதுவே. செறிந்த வாயுக்கட்டி ஒன்று கதிர்களை எதிர்த்துத் தாங்கும். அதன் நிழலிலுள்ள வாயு காக்கப்படும். சுற்றிலுமுள்ள ஐதான வாயு ஆவியாகிப் பறக்கும். எஞ்சுவது பெருவிண்மீனை நோக்கித் தலைநீட்டிய தூணாகும். 1995-இல் ஹபிள் விண்தொலைக்காட்டி எடுத்த கழுகு முகிலின் தூண்கள் இவ்வாறு ஆயவை. 2022 யூலையில் யேம்ஸ் வெப் தொலைக்காட்டியின் முதற்படங்களுள் ஒன்றாக வெளிவந்த கரீனாவின் 'மலைமுகடுகளும்' இத்தகையனவே. அவற்றுள் உயர்ந்த முகடுகள் ஏறக்குறைய 7 ஒளியாண்டு உயரமுடையன. அவற்றைச் செதுக்கிய இளம் பெருவிண்மீன்கள் படத்தின் எல்லைக்கு மேலே உள்ளன.

ஈற்றா கரீனேயின் கதையோ இதனினும் விந்தையானது. அங்குள்ளது ஒரு விண்மீனன்று. ஏறக்குறைய ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. அவற்றுள் பெரியது சூரியனைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு திணிவுடையது. இரண்டும் சேர்ந்து வெளிவிடும் ஒளி சூரியனினும் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் மடங்கு. 1840-களின் பெருவெடிப்பிலே அது சூரியனைப் போன்ற பத்து விண்மீன்களை ஆக்கப் போதுமான பொருளுக்குக் குறையாமல் உமிழ்ந்தது. அப்பொருள் இரு குமிழிகளாக விநாடிக்கு 650 கிலோமீற்றர் அளவான வேகத்தில் இன்றும் விரிந்துகொண்டிருக்கின்றது. அர்சென்ரீனா நாட்டு வானியலார் கவியோலா 1950-இல் அதற்கு 'குறளுரு' என்னும் பொருள்பட ஹொமன்குலஸ் எனப் பெயரிட்டார். அக்குமிழிகளிற் செறிந்த தூசியே விண்மீனை மறைத்து அதனை மங்கச் செய்தது. பவல் சென்னையிலிருந்து கண்காணித்த ஒளிக்குறைவு ஒரு விண்மீன் அவிந்த காட்சியன்று. புதிய முகிலொன்று பிறந்து தன் தாயை மறைத்த காட்சியாகும். அது அவர்க்கோ அக்காலத்தார் எவர்க்குமோ தெரிந்திருக்க இயலாது. ஆயினும் அவர்கள் நாளும் அளவும் தவறாது எழுதிவைத்தமையாலேயே, நூறாண்டு கழித்து வந்தோர் அதன் பொருளை உணர இயன்றது.

ஆக்கமும் அழிவும்

பெருவிண்மீனின் வாழ்நாள் குறுகியது. நம் சூரியன் ஆயிரங்கோடி ஆண்டு வாழும். பெருவிண்மீன்களோ சில பத்து இலட்சம் ஆண்டுகளில் தம் எரிபொருளைச் செலவிட்டுவிடும். அதன்பின் நிகழ்வது யாது என்னும் வினாவுக்கு விடையின் முதற்படியை இட்டவர் தமிழ்மகன் ஒருவர். 1910-இல் இலாகூரிற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், பவல் தலைமை வகித்த அதே பிரசிடென்சிக் கல்லூரியிற் பயின்று 1930-இற் பட்டம் பெற்றார். அவ்வாண்டு இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போதே, ஒடுங்கிய விண்மீன் தாங்கத்தக்க திணிவுக்கு ஒரு வரம்புண்டு என்பதைக் கணித்தறிந்தார். சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கே அவ்வரம்பு. அதனை மீறிய கரு நிலைகொள்ளாது இடிந்து வீழும். 1935 சனவரி 11-இல் அரச வானியற் கழகக் கூட்டத்தில் புகழ்பெற்ற எடிங்ரன் அம்முடிபை எள்ளி மறுத்தார். இளைஞராகிய சந்திரசேகர் வாதத்தை வளர்த்துப் பகை கொள்ளாது தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1983-இல் நோபெல் பரிசு அவர்க்கு அளிக்கப்பட்டது.

பெருவிண்மீனின் கரு இடியுங்கால் புறப்பகுதி வெடித்துச் சிதறும். அது வாழ்நாள் முழுதும் சமைத்த தனிமங்கள் முகில்களிற் கலக்கும். அம்முகில்களிலிருந்து புதிய விண்மீன்களும் கோள்களும் பிறக்கும். உலகிலுள்ள ஒட்சிசனின் பெரும்பங்கு இவ்வாறு பெருவிண்மீன்களில் ஆக்கப்பட்டதே. நீரின் திணிவில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஒட்சிசனாகும். ஆகவே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுவார் காலடியில் மோதும் கடல்நீரின் பெரும்பகுதி, சூரியன் தோன்றுமுன்னரே மடிந்துபோன பெருவிண்மீன்களின் கொடையென்பது மிகையன்று.

1999-இல் விண்ணிற் செலுத்தப்பட்ட எக்ஸ்கதிர்த் தொலைக்காட்டிக்குச் 'சந்திரா' என அவர் பெயரே சூட்டப்பட்டது. அது முதலாண்டிலேயே நோக்கிய பொருள்களுள் ஈற்றா கரீனேயும் ஒன்று. அவ்விண்மீனைச் சூழ்ந்து, இலட்சக்கணக்கான பாகை வெப்பமுடைய வாயு குதிரைலாட வடிவில் விளங்குவதை அது காட்டிற்று. ஒரு கல்லூரியின் முதல் தலைவர் கண்ணாற் கண்காணித்த விண்மீனை, அதே கல்லூரி மாணவரின் பெயர் தாங்கிய கருவி ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஊடுருவி நோக்கியது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க படிப்பினைகள் இரண்டு. இத்தகைய செய்திகளைக் கேட்குந்தோறும், 'இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே' எனக் கூறி மனநிறைவு கொள்வார் நம்முள் உளர். சாகாவும் இத்தகையோரைச் சந்தித்தார். யாவும் வேதத்திலே உள எனத் தம்மிடம் உரைத்த முதியவரைப் பற்றி அவர் நகைச்சுவையோடு எழுதியிருக்கின்றார். நம் முன்னோர் அகத்திய மீனின் உதயத்தை அறிந்திருந்தனர், கிரகணத்தைக் கணித்தனர், அவை மெய்யான பெருமைகள். அவர்கள் அறியாதவற்றை அவர்கள் தலையில் ஏற்றுதல் அப்பெருமையைக் கூட்டாது, குறைக்கும். சைவ மரபு அறிவைத் தேடுதலையே போற்றியதன்றித் தேடாதிருத்தலைப் போற்றியதில்லை.

மற்றொன்று நம் மாணவர்க்குரியது. ஈற்றா கரீனே 1940-களிலிருந்து மீண்டும் சிறிது சிறிதாக ஒளி பெற்றுவருகின்றது. இப்பொழுது அது நல்ல இருளிலே வெறுங்கண்ணாற் காணத்தக்கது. அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் ஒளித்தரத்தைக் குறித்துவைக்கப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. வட நாட்டு மாணவர்க்கு வாய்க்காத அத்தென்வானம் நம் தீவுகளுக்கு வாய்த்திருக்கின்றது. ஒரு குறிப்பேடும், நாளும் நேரமும் பிழையாது எழுதும் ஒழுங்கும், கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மையுமே வேண்டுவன. பவலும் இரகுநாதாச்சாரியாரும் அவற்றைக் கொண்டே வரலாற்றில் இடம்பெற்றனர். அக்குறிப்பேடு தமிழில் எழுதப்படுமாயின், விசுவநாதபிள்ளை காலத்தோடு தளர்ந்த மரபொன்று இங்கே மீண்டும் தளிர்க்கும்.